மேசைப் போர் விளையாட்டில் அளவுவிகிதமும் சேர்வராயன் மலையும்

மேசைப் போர் விளையாட்டு என்பது சிறிய வீரர் பொம்மைகளை மேசைமீது நகர்த்தி, விதிகளின்படி ஒரு போரை நிகழ்த்திப் பார்ப்பது. இதில் அளவுவிகிதம் என்றால் பெரும்பாலும் பொம்மையின் அளவையே குறிப்பிடுகிறார்கள். நிலத்தின் அளவைப் பொருட்படுத்துவதில்லை. மலைநாட்டுப் போர்களை ஆடும்போது இக்குறை பெரிதாகிறது.

பொம்மையின் அளவு

1:72 என்பது விகிதம். 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதன் அதில் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் ஆகிறான். '28 மில்லிமீட்டர்' என்பதோ உயரம் மட்டுமே. சிலர் அதைப் பாதத்திலிருந்து கண் வரையிலும், சிலர் உச்சந்தலை வரையிலும் அளக்கின்றனர். எனவே ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு பெட்டிகளின் வீரர்களை அருகருகே நிறுத்தினால் பொருந்தாமல் போவதுண்டு.

நிலத்தின் அளவு

180 சென்டிமீட்டர் நீளமுள்ள மேசை, 1:72 அளவில் 130 மீட்டர் நிலத்தையே காட்டும். பழைய மஸ்கட் துப்பாக்கியின் பயனுள்ள வீச்சு சுமார் 100 மீட்டர். அதைச் சரியாகக் காட்டினால் மேசையின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆகவே விதிநூல்கள் நிலத்தை மட்டும் தனியாகச் சுருக்குகின்றன. சமவெளிப் போர்களுக்கு இந்தச் சமரசம் போதும்.

மலையின் சிக்கல்

1790 நவம்பரில் ஆங்கிலேயப் படைகளிடம் சிக்காமல் திப்பு சுல்தான் தொப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே இறங்கினார். அக்கணவாய்க்குத் தென்கிழக்கே, ஏற்காடு, தலைச்சோலை முதலிய ஊர்களைக் கொண்ட சேர்வராயன் மலை நிற்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். இன்றைய சாலையே 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. 1:72 அளவில் அந்த ஏற்றத்தைக் காட்ட 16 மீட்டருக்கும் மேல் உயரம் வேண்டும். மேசையில் வைப்பதோ 5 சென்டிமீட்டர் தெர்மாகோல். அது குறிப்பது 3.6 மீட்டர் மேட்டை. வளர்ந்த தென்னையின் பாதி உயரம்கூட இல்லை. படைகள் ஏன் கணவாயைத் தேடின என்பது அத்தகைய மேசையில் விளங்காது.

மதிப்பீடு

1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டு 1:8000 வரைபடத்தில் ஆடப்பட்டது. அதில் வீரர் உருவங்கள் இல்லை. படைப்பிரிவுகளைச் சிறு கட்டைகள் குறித்தன. அந்த விகிதத்தில் ஏற்காட்டின் ஏற்றம் 15 சென்டிமீட்டர்தான். 180 சென்டிமீட்டர் மேசை 14 கிலோமீட்டர் நிலத்தைக் கொள்ளும். மலையும் கணவாயும் தம் இயல்பான வடிவில் அமையும்.

வீரனின் முகமும் சீருடையும் தெரிய வேண்டுமானால் பெரிய பொம்மைகளே சிறந்தவை. தீட்டுவதன் இன்பமும் அவற்றில்தான் உண்டு. ஆனால் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஆடுபவர் முதலில் நிலத்தின் விகிதத்தை முடிவுசெய்து, அதற்கேற்ற பொம்மையைப் பிறகு தேர்வதே முறை.