அகலத் தண்ணீரைக் கண்டு மயங்காதீர்கள்

நெதர்லாந்துக்குப் போகிற நம்மவர்கள் டூலிப் தோட்டம், காற்றாலை, ஆம்ஸ்டர்டாம் என்று சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஓவரைசல் மாகாணத்தின் வடமேற்கு மூலையில் பத்தாயிரம் ஹெக்டேருக்கு வேரிபன்–வீடன் சதுப்பு நிலம் கிடக்கிறது. சைக்கிளில் சுற்ற அதைவிட நல்ல இடம் அந்த நாட்டில் இல்லை. சொன்னால், "மேடு பள்ளமே இல்லாத ஊரில் என்னத்தைப் பார்ப்பது?" என்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பாதை கண்டுபிடிப்பது சுலபம். சந்திப்புதோறும் எண் போட்ட பலகை இருக்கும். போக வேண்டிய எண்களைச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். வாடகை சைக்கிளே தாராளம். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். தெம்பு இருக்கும்போதே அதை எதிர்த்து மிதித்துவிடுங்கள். திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும். பாடம் முடிந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். தண்ணீர் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். இங்கே இருப்பதில் பெரும்பகுதி மனிதன் தோண்டிய தண்ணீர். அடியில் மக்கிக் கிடந்த செடிகொடிச் சேற்றை, அதாவது பீட்டை, நீண்ட கழியில் வலை கட்டி அள்ளினார்கள். பக்கத்திலேயே வெட்டாமல் விட்ட வரப்பில் அதைப் பரப்பி, காயவைத்து, கட்டிகளாக வெட்டி அடுப்பெரிக்க விற்றார்கள். அள்ளிய இடம் நீர்க்குழி, காயவைத்த இடம் வரப்பு. இரண்டும் மாறி மாறி வரும்.

தெற்கே வீடனில் ஆசை அளவு மீறியது. குழியை அகலமாக்கி வரப்பை ஒல்லியாக்கினார்கள். புயல் வந்தபோது அலைக்குத் தடையே இல்லை; வரப்பு கரைந்து குழிகள் ஏரியாயின. 1776 வெள்ளத்தில் பியூலாக்கே என்ற கிராமமே போயிற்று. 1825இல் மறுபடி வெள்ளம் அடித்தது. வடக்கே வேரிபனில் பிறகு வெட்டியவர்கள் அகலத்துக்கு விதிக்கப்பட்ட அளவுக்குக் கட்டுப்பட்டதால், அந்த நிலம் இன்றும் கோடு போட்ட நோட்டுப்புத்தகம் மாதிரி இருக்கிறது. பாய்மரப் படகு மிதக்கும் பெரிய ஏரியைப் பார்த்து "ஆஹா" என்று எழுதும் பயணக் கட்டுரையாளர்களுக்கு, தாம் பாராட்டுவது ஒரு விபத்தை என்று தெரிவதில்லை. ரசிக்க வேண்டியது குறுகலான நீர். இங்குள்ள கீத்தோர்ன் கிராமத்தை 'வடக்கு வெனிஸ்' என்று ட்ரோனில் படமெடுப்பவர்களோ அந்த வாய்க்கால்கள் பீட் ஏற்றிப்போக வெட்டியவை என்றுகூடக் கேட்பதில்லை.

குறுகலான குழியோரம் இறங்கி நின்று பாருங்கள். முள்விளிம்பு இலையோடு ஒரு நீர்ச்செடி நெருக்கியடித்து மிதக்கும். குளிரில் மூழ்கி, வசந்தத்தில் மேலே வரும். பச்சைத் தட்டான் ஒன்று முட்டையிட ஏறக்குறைய இந்தச் செடியை மட்டுமே தேடும். செடிகள் பின்னிப் பாயாகி, பாய்மேல் நாணல் முளைத்து, அதையும் அறுக்காமல் விட்டால் ஆல்டர் மரக்காடாகிவிடும். ஆகவே 'கைபடாத இயற்கை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை எடுத்தால் இந்த நிலமே இல்லை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ஜூலை ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பிப்ரவரியில் போங்கள். விரல் விறைக்கும், காதை மூட வேண்டும். ஆனால் கூரை வேயும் நாணலை அறுத்துக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். நாணல் மறைக்காததால் வரப்புகள் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். கலென்பெர்க் கிராமத்தில் வாய்க்காலோரப் பாதையில் மின்சார சைக்கிள்காரர் பின்னாலிருந்து மணியடித்தால் தாராளமாக வழிவிடுங்கள். அவர் எதையும் பார்க்க வரவில்லை.