கரடி எப்போது ‘பிரச்சினை’ ஆகிறது?

அமெரிக்காவின் மொண்டானா, வயோமிங் மாநிலங்களின் கிரிஸ்லி கரடிகள் பற்றிய அரசு ஆவணங்களை வாசிக்கும்போது ஒரு சொல் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது: ‘பிரச்சினைக் கரடி’. கன்றை அடித்த, கோழிக்கூண்டை உடைத்த, குப்பையைக் கிளறிய கரடிக்கு இந்தப் பெயர். பெயர் விழுந்ததும் பிடித்து வேறு காட்டில் விடுவார்கள். திரும்பத் திரும்ப வந்தால் கொல்வார்கள். பிரச்சினை ஏதோ கரடியின் உடம்புக்குள்ளேயே இருப்பதுபோல.

1872-ல் உருவான யெல்லோஸ்டோன் பூங்காவில், விடுதிகளின் எச்சிலைக் கரடிகள் தின்பதைச் சுற்றுலாக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்த காலம் உண்டு. நிர்வாகமே இருக்கை போட்டுக் கொடுத்தது. 1960களின் இறுதியில் குப்பைக்கிடங்குகளை மூடத் தொடங்கினார்கள். கரடிகளை ஆராய்ந்துவந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள், படிப்படியாக மூடுங்கள் என்றார்கள். யாரு கேட்டா? பழகிய தீனி நின்றுபோன கரடிகள் கூடாரங்களைத் தேடி வந்தன, பல கொல்லப்பட்டன. நேற்று காட்சிப்பொருள், இன்று குற்றவாளி. மாறியது கரடியா?

அலாஸ்கா நீங்கலான மாநிலங்களில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்ட கிரிஸ்லிக்கு 1975-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது. எண்ணிக்கை பின்னர் இரண்டாயிரத்தைத் தாண்டியது. யெல்லோஸ்டோன் கரடிகளை 2007-லும் 2017-லும் பட்டியலிலிருந்து அரசு நீக்கியது. 2009-லும் 2018-லும் நீதிமன்றங்கள் திரும்பச் சேர்த்தன. அந்தப் பாதுகாப்பின் கீழ் மனித உயிரைக் காக்கச் சுடலாம். மாட்டைக் காக்கச் சுடக்கூடாது.

பண்ணைக்காரரின் கோபத்தைப் பணக்காரப் புலம்பல் என்று ஒதுக்குவது நம் சோம்பேறித்தனம். செத்த கன்றுக்கு இழப்பீடு உண்டுதான். ஆனால் சடலம் கிடைக்கணும், கரடிதான் அடித்தது என்று அதிகாரி உறுதிசெய்யணும். சாட்சிக்கு எலும்புகூட மிஞ்சாத கன்றுக்கு என்ன கணக்கு? பிள்ளையைத் தனியாக வெளியே அனுப்பத் தயங்கும் தாயின் பயத்தை எந்தப் படிவத்தில் நிரப்புவது? நகரத்தில் இருந்துகொண்டு கரடியை நேசிப்பது சுலபம்.

ஆனால் ‘கிராமவாசி எதிர் இயற்கை ஆர்வலர்’ என்ற இந்த எதிர்வும் ஒன்றை மறைக்கிறது. காட்டெருமைகளை அழித்து, பழங்குடிகளை ஒதுக்கிடங்களில் அடைத்த நிலத்தில்தான் மாடு மேய்கிறது. பிளாக்ஃபீட் மக்கள் 1895-ல் நெருக்கடியில் கைவிட்ட மலைகள்தான் 1910-ல் உருவான கிளேசியர் பூங்காவின் கிழக்குப் பாதி. பூங்காவின் கோடு, பண்ணையின் வேலி இரண்டுமே அவர்களைக் கேட்டுப் போட்டவை அல்ல. 2018 தீர்ப்பு வந்த வழக்கில் குரோ பழங்குடியினர் முதல் வாதியாக நின்றதை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். பல பழங்குடிகளுக்குக் கரடி உறவுமுறை. ‘மேலாண்மை’க்குரிய எண்ணிக்கை அல்ல.

மொண்டானாவின் பிளாக்ஃபுட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் செத்த மாடுகளைப் பண்ணையிலேயே போட்டுவைக்காமல் அள்ளிச் செல்லும் ஏற்பாடு 2003-ல் தொடங்கியது. கன்று ஈனும் இடங்களைச் சுற்றி மின்வேலியும் போட்டார்கள். மோதல் குறைந்தது. செத்ததை வாசல்ல போட்டா கரடி வரத்தானே செய்யும்? இது நிலவரலாற்றின் அநீதியைத் தீர்த்துவிடாது. ஆனால் திருத்த வேண்டியது கரடியை மட்டுமல்ல என்று ஒப்புக்கொள்கிறது.

‘பிரச்சினை’ என்ற பெயரைச் சூட்டும் உரிமை யாரிடம் இருக்கிறது? கரடியைச் சுடலாமா கூடாதா என்று கேட்கும் முன் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.