மறுபயன்பாடும் மறைவான சார்புநிலையும்: ரியாக்ட் நிரற்கூறு வடிவமைப்பு முறைகள் குறித்த ஒரு மதிப்பீடு

இணைய முகப்பு நிரலாக்கத்தில் ஒருமுறை எழுதிய நிரற்கூறினைப் பல இடங்களிலும் எடுத்தாளுதல் நெடுநாளைய வேட்கையாகும். 2013ஆம் ஆண்டு ஃபேஸ்புக் நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட ரியாக்ட் நூலகம் இவ்வேட்கைக்குத் தெளிவான வடிவம் தந்தது. அந்நூலகத்தையொட்டி எழுந்த வடிவமைப்பு முறைகளின் வரலாறு, ஒன்றைவிட மற்றொன்று மேம்பட்ட படிநிலை வளர்ச்சியாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. இப்பார்வை மறுஆய்வுக்குரியது.

தோற்றத்தைப் பகிர்வதில் பெருஞ்சிக்கல் இல்லை. பொத்தானோ பட்டியலோ உள்ளீடுகளைப் பெற்றுத் திரையில் தோன்றிவிடும். இயக்கத்தைப் பகிர்வதே இடர்ப்பாடு. தொடக்கத்தில் கையாளப்பட்ட மிக்சின் முறை, கூறினுள் புறத்தேயிருந்து செயல்முறைகளைக் கலந்தது. ஒரு செயல்முறை எங்கிருந்து வந்தது என்பதை அக்கூறினை மட்டும் படித்து அறிய இயலாது. 2016இல் ரியாக்ட் குழுவின் வலைப்பதிவே இதனைத் தீங்கு பயப்பதென எடுத்துரைத்தது. மாற்றாகப் பரவிய உயர்நிலைக் கூறு என்பது, ஒரு கூறினைப் பெற்று வேறொரு கூறினைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஆகும். இங்கும் பெயர் மோதல் ஒழியவில்லை. உள்ளீட்டுப் பெயர்கள் ஒத்திருப்பின் ஒன்று மற்றொன்றை ஓசையின்றி மறைத்துவிடுகிறது. மிக்சினாவது பெரும்பாலும் பிழைச்செய்தி தந்தது!

2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 பதிப்புடன் வந்த ஹூக் முறையில், திரும்பக் கிடைக்கும் மதிப்புக்கு நிரலாளரே பெயரிடுவதால் அம்மோதல் நீங்கியது. ஆயின், ஒவ்வொரு ஹூக்கையும் அது அழைக்கப்படும் வரிசையைக் கொண்டே நூலகம் இனங்காண்கிறது. எனவே நிபந்தனைக்குள்ளோ மடக்குக்குள்ளோ அதனை அழைத்தல் ஆகாது. இவ்விதி ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இலக்கணத்தில் இல்லை. அதனைக் காக்கத் தனியே ஒரு சரிபார்ப்புக் கருவி தேவைப்படுகிறது. மறைவான சார்புநிலை பெயரிலிருந்து வரிசைக்கு இடம்பெயர்ந்தது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது டான் அப்ரமோவ் 2015இல் முன்வைத்த பகுப்பு. தோற்றத்தைக் காட்டும் கூறுகள், தரவைக் கையாளும் கூறுகள் என அவர் இருவகைப்படுத்தியது பரவலாக ஏற்கப்பட்டு, காலப்போக்கில் கட்டாய விதியாயிற்று. 2019இல் அவரே அக்கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பொன்று சேர்த்து, அவ்வாறு பிரிப்பதைத் தாம் இனிப் பரிந்துரைப்பதில்லை என்றும், தேவையற்ற இடங்களிலும் அது வலிந்து திணிக்கப்படுவதைக் கண்டதாகவும் எழுதினார். தம் கருத்தை இவ்வளவு வெளிப்படையாகத் திருத்திக்கொள்வோர் அரியர். அவர் சுட்டிய குறையோ ஹூக் முறையிலும் நிகழக்கூடியதே. ஒரே ஒரு கூறு மட்டும் ஆளும் சில வரிகளையும் தனி ஹூக்காகப் பிரித்து வைத்தால், படிப்பவர் இரு கோப்புகளைப் புரட்ட நேர்கிறது. மறுபயன்பாடோ அங்கு நிகழ்வதே இல்லை.