செங்கல் போனது, கூரை போகவில்லை

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு சின்னக் குடைவரை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அதிலுள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்வது சுருக்கமாக இதுதான்: செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது. விசித்திரசித்தன் என்பது அவனுடைய பட்டப்பெயர்.

பழைய பொருட்களை உதறிய துணிச்சல் என்று இதைப் பொதுவாகப் புகழ்வார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் அதுவரை கல் என்றால் நடுகல், ஈமச்சின்னம். சாவோடு சேர்ந்த பொருளில் சாமிக்கு வீடு கட்டத் தயங்கியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆனால் கல்வெட்டை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். கல்லால் செய்தேன் என்று அதில் வார்த்தையே இல்லை! எதையெல்லாம் விட்டேன் என்ற பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. விட்டதை எண்ணிக்கொண்டிருப்பவன் அதை முழுசாக விட்டுவிட்டானா?

இதற்குப் பதில் மாமல்லபுரத்தில் இருக்கிறது. ஐந்து ரதங்களும் ஒற்றைக் கல்லைச் செதுக்கியவை. ஆனால் உருவம்? திரௌபதி ரதம் ஒரு கூரைக் குடிசை. பீம ரதத்தின் மேலே வண்டிக் கூண்டு மாதிரி வளைந்த கூரை. மரக் கட்டடத்தில் கூரை வளைவின் முகப்பாக இருந்த திறப்பு இங்கே கூடு என்ற அலங்காரமாக வரிசை கட்டி நிற்கிறது. பொறியாளர் கண்ணோடு பார்த்தால் இது விநோதம். மரத்தில் இந்த உறுப்புகளுக்கெல்லாம் வேலை இருந்தது. ஒரே பாறையில் எதுவும் எதையும் தாங்க வேண்டியதில்லை. பொருள் மாறிவிட்டது, கை மாறவில்லை. ஃப்ளாப்பியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் சேமிக்க அந்தப் படத்தைத்தானே அழுத்துகிறார்கள்!

அப்படியென்றால் சிற்பி தோற்றுவிட்டானா? நான் அப்படி நினைக்கவில்லை. திரௌபதி ரதத்தின் கூரையைக் கவனித்தால் அதில் வைக்கோல் இழைகளைச் செதுக்கவில்லை என்பது தெரியும். ஓரங்களில் கொஞ்சம் வேலைப்பாடு, மற்றபடி வழவழப்பான கல். கூரையின் கோட்டை வைத்துக்கொண்டு வைக்கோலை விட்டுவிட்டான். எதற்கும் திறக்காத கூடுகளுக்குள் முகங்களை வைத்தான். வேலை போன உறுப்புக்கு வேறு வேலை கொடுத்த சாமர்த்தியம் இது. பின்னால் வந்தவர்களும் அதை விடவில்லை. 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலிலும் கூடுகள் இருக்கின்றன.

ஆனாலும் ரதங்களில் திட்டம்தான் முதலில், பாறை அதற்கு அடங்கிப் போகிறது. இது தலைகீழாக மாறும் இடம் அதே ஊரிலுள்ள பெரிய திறந்தவெளிச் சிற்பம். அர்ஜுனன் தபசா, பகீரதன் தவமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதை இப்போது விட்டுவிடுவோம். அந்தப் பாறையின் நடுவில் இயற்கையாகவே ஒரு பிளவு. கோயில் சுவருக்கு இப்படி ஒரு கல் வந்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். இந்தச் சிற்பி அதையே ஆறாக்கி, உள்ளே நாகர்களை நீந்தவிட்டு, தேவர்கள், முனிவர்கள், யானைகள் எல்லோரையும் அதை நோக்கித் திருப்பிவிட்டான். பாறையின் குறைதான் இங்கே சிற்பத்தின் மையம்.

பொருளின் மேல் பற்றை விடுவது என்றால் எனக்கு இதுதான் உதாரணம். நான்கு பொருட்களை விட்டதை அரசன் கல்லில் எழுதி வைத்தான். இந்தச் சிற்பி விட்டது, கல் தன் சொல்படி கேட்க வேண்டும் என்ற பிடிவாதத்தை. அதை அவன் எங்கும் எழுதி வைக்கவில்லை. பிளவுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றால் நமக்கே தெரிகிறது.