வண்டிக்கொட்டகை

தஞ்சைப் பக்கத்துப் பழைய மிராசு வீடுகளில் கூடத்தையும் முற்றத்தையும்விட எனக்குப் பிடித்தது வண்டிக்கொட்டகைதான். வில்வண்டியின் சூட்சுமம் அடியில் இருக்கிறது: கூண்டைத் தாங்கும் எஃகு வில், மேடுபள்ளத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். சக்கரத்துக்குப் பட்டா போடுவது அதைவிடப் பெரிய வித்தை. இரும்பு வளையத்தைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக அடித்து, வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். விரிந்ததும் மாட்டி, உடனே தண்ணீர். சீறிச் சுருங்கும் இரும்பு வட்டை, ஆரக்கால், குடம் மூன்றையும் ஒன்றாக இறுக்கிவிடும். நுகத்தில் உம்பளச்சேரிக் காளைகள். கன்றில் செம்மை, வளர்ந்தால் சாம்பல். (நெற்றிச் சுட்டி தனி அழகு!) வண்டியில் சாய்ந்து போனவர் பெயர் ஊருக்கே தெரியும். அச்சுக்கு மை போட்டு, லாந்தர் துடைத்து, மாட்டைக் குளிப்பாட்டியவரை மட்டும் 'பண்ணையாள்' என்றே சொல்லிவைத்தார்கள். தஞ்சைப் பண்ணையாட்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான்.