ஆளுக்கோர் ஆன்டெனா

வானலையில் இலவசமாக வரும் தொலைக்காட்சியை ஒருவன் தன் வீட்டுக் கூரையில் ஆன்டெனா நட்டுப் பார்த்தால் அதில் யாரும் குற்றம் காண்பதில்லை; அந்த ஆன்டெனாவை வேறொருவன் தன் கட்டடத்தில் நட்டு, அதில் சிக்கும் காட்சியை இணையத்தின் வழியே அவனுக்கு அனுப்பி மாதந்தோறும் கட்டணம் வாங்கினால், அது கருவியை வாடகைக்கு விடும் தொழிலா, பிறர் சொத்தை விற்கும் தொழிலா என்பதே 2012ஆம் ஆண்டில் நியூயார்க்கில் சேவை தொடங்கிய ஏரியோ என்னும் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றங்களின் முன் வைத்த வினா.

புரூக்ளினில் இருந்த அதன் நிலையத்தில், அமெரிக்கர் டைம் என்று வழங்கும் சிறு நாணயத்தின் அளவே உள்ள ஆன்டெனாக்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. சந்தாதாரர் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் ஓர் ஆன்டெனா அவருக்கென்றே ஒதுக்கப்படும். அதில் சிக்கிய காட்சி அவர் பெயருக்கே தனிப் பிரதியாகப் பதிவாகி, சில விநாடி தாமதத்தில் அவர் திரைக்குப் போகும். பக்கத்து வீட்டார் அதே நிகழ்ச்சியை அதே வேளையில் பார்த்தாலும் அவருக்கு வேறு ஆன்டெனா, வேறு பிரதி. ஒன்று போதுமான இடத்தில் ஆயிரம் வைக்கும் இந்த விரயத்துக்குக் காரணம் இயந்திர சாஸ்திரத்தில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஒளிபரப்பைப் பொதுமக்களுக்கு அனுப்பும் உரிமையை 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உரிமையாளருக்கே ஒதுக்கியிருக்க, ஒருவருக்கென்று எடுத்த பிரதியை அவருக்கு மட்டும் அனுப்புவது பொதுமக்களுக்கு அனுப்புவதாகாது என்று 2008இல் கேபிள்விஷன் வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருந்தது. அந்தத் தீர்ப்பின் சந்துக்குள் நுழையும்படியே ஏரியோவின் பொறி வடிவமைக்கப்பட்டது. ஏரியோவின் வழக்கு அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி டென்னி சின் தமது மாறுபட்ட தீர்ப்பில் இதைத் தயவு தாட்சண்யமின்றி எடுத்துக் காட்டினார்.

ஆயினும் ஏரியோவின் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வானலை ஜனங்களின் பொதுச்சொத்து. அதை உபயோகிக்க உரிமம் பெற்ற நிலையங்கள் தம் நிகழ்ச்சிகளை இலவசமாகவே விடுகின்றன. உயர்ந்த மாளிகைகள் அலையை மறிக்கும் நகரத்தில், இலவசமாக வருவதைப் பார்ப்பதற்கே பெருந்தொகை செலுத்திக் கேபிள் இணைப்பு வாங்க வேண்டியிருந்த குடும்பத்துக்கு, மாதம் எட்டு டாலரில் கிடைத்த இந்த வசதி சாமானியமானதன்று. ஆனால் அதே நிகழ்ச்சிகளை எடுத்துச் செல்லும் கேபிள்காரர் சட்டப்படி பணம் கட்ட, ஏரியோ ஒரு காசும் கட்டாமல் அவரோடு போட்டியிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

2014 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஏரியோவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1968லும் 1974லும் அதே நீதிமன்றம் கேபிள்காரரை வெறும் ஆன்டெனாக்காரராகக் கருதி விடுவித்ததும், அதை மாற்றவே காங்கிரஸ் 1976இல் சட்டம் இயற்றியதும் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரேயருக்குப் பிரதான ஆதாரங்கள்: ஏரியோவும் பெரும்பாலும் அந்தக் கேபிளைப் போன்றதே என்றார். ஏரியோவின் செய்கை அனுமதிக்கத் தக்கதன்று என்ற உணர்வைத் தாமும் பகிர்ந்துகொண்ட நீதிபதி ஸ்காலியா, தமது மாறுபட்ட தீர்ப்பில், சாயலை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் முறையைத்தான் கண்டித்தார். என் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுவே. முடிவு சரி, போன வழி சரியில்லை. எந்த அளவு சாயல் இருந்தால் குற்றம் என்று கூறாத தீர்ப்பு, பிறர் கோப்புகளைத் தொலைவில் சேமித்துத் தரும் தொழில்களுக்கு வழிகாட்டவில்லை. அவ்விஷயம் பின்னால் வரட்டும் என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையில் விசித்திரம். கேபிளைப் போன்றது என்றுதானே சொன்னீர்கள், அப்படியானால் உரிமையாளரின் அனுமதி கேளாமல் கட்டணம் கட்டி நிகழ்ச்சிகளை எடுத்துச் செல்லக் கேபிளுக்கு 1976இல் வழங்கிய கட்டாய உரிமத்தை எங்களுக்கும் தாருங்கள், உரிய கட்டணத்தைச் செலுத்துகிறோம் என்று ஏரியோ கேட்டது. பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. அக்டோபரில் மாவட்ட நீதிமன்றமும் மறுத்தது. ஐவி என்னும் வேறொரு நிறுவனத்தின் வழக்கில், இணையச் சேவைக்கு அந்த உரிமம் பொருந்தாது என்று 2012லேயே தீர்ப்பாகியிருந்தது. கடமைக்குக் கேபிள், உரிமைக்குக் கேபிளன்று என்ற இந்த இரட்டை நியாயத்தில் சிக்கி, நவம்பரில் ஏரியோ திவால் மனு கொடுத்தது. லாபநோக்கமற்றோருக்குச் சட்டம் விட்ட விலக்கை நம்பி இதே வேலைக்காக 2018இல் தொடங்கிய லோகாஸ்ட் என்னும் சேவையும், சந்தாதாரரிடம் பெற்ற நன்கொடையைப் பிற நகரங்களுக்கு விரிவடையச் செலவிட்டதனால் 2021இல் அந்த விலக்கை இழந்து மூடப்பட்டது.

பதிப்புரிமை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் மோதிய வழக்கு இதுவென்று சொல்வது மேம்போக்கான கருத்து. கட்டணம் கொடுக்க முன்வந்தவனிடம் அதை வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லாமல் போனதே இங்கு குறை. கேபிளுக்குச் செய்ததை இணையத்துக்கும் செய்து, கம்பி எது என்று பாராமல் கட்டணத்தை நிர்ணயிப்பது காங்கிரஸின் வேலை. அதை அது இன்னும் செய்யவில்லை.