நல்ல காசை விரட்டுவது கெட்ட காசா, அரசாணையா?

கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டிவிடும். பொருளியல் படிப்பவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் இந்த வாசகத்துக்குக் கிரெஷாம் விதி என்று பெயர். அது சொல்லும் நிகழ்வு உண்மையானது. வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்தது. ஆனால் பழியை அது தவறான இடத்தில் போடுகிறது. தரம் வேறான இரண்டு காசுகளையும் ஒரே மதிப்பில் வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம்தான் நல்ல காசைச் சந்தையிலிருந்து வெளியேற்றுகிறது. நாணயத்தின் மாற்றை, அதாவது அதிலுள்ள உலோகத்தின் தூய்மையை, குறைக்கும் அரச வழக்கத்தை நேர்மையாக எடைபோட, இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

விதிக்கு 16ஆம் நூற்றாண்டு ஆங்கில அரச முகவர் தாமஸ் கிரெஷாமின் பெயரை 1858இல் சூட்டியவர் ஸ்காட்லாந்துப் பொருளியலர் ஹென்றி டன்னிங் மக்லியோட். கருத்து மிகப் பழையது. கி.மு. 405இல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ், ஏதென்ஸ் மக்கள் பழைய நற்காசை விட்டுவிட்டுப் புதுச் செப்புக்காசைப் புழங்குவதைச் சுட்டி, நல்ல குடிமக்களையும் அவர்கள் அப்படியே ஒதுக்குவதாக வருந்தினார். 14ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் நிக்கோல் ஒரேம், நாணயம் மன்னனின் உடைமை அன்று, அதைப் புழங்கும் சமூகத்தின் உடைமை என்று வாதாடினார். வானியலாளர் கோப்பர்நிக்கஸ் 1526இல் பிரஷ்யாவின் நாணயச் சீர்கேட்டைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இந்த வழக்கத்தின் பலனையும் கேட்டையும் ஒருசேரப் பார்க்க, 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைவிடத் தெளிவான களம் அரிது. எட்டாம் ஹென்றி மன்னன் பிரான்ஸுடனும் ஸ்காட்லாந்துடனும் போரில் இறங்கியிருந்தான். மடாலயச் சொத்துகளை விற்றும் வரி போட்டும் செலவு கட்டுப்படியாகவில்லை. 1544இல் நாணயத்தில் கைவைத்தான். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியாக இருந்த காசு அந்த ஆண்டு 75 பங்காகியது. 1545இல் 50 பங்கு. 1546இல் மூன்றில் ஒரு பங்கு. அவன் மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1551இல், நான்கில் ஒரு பங்குக்கு இறங்கியது. மீதியெல்லாம் செம்பு. காசின் மேல் பூசிய வெள்ளி தேய்ந்ததும் ஹென்றி மன்னன் முகத்தில் முதலில் மூக்குதான் சிவந்தது. 'செப்பு மூக்கன்' என்று மக்கள் அவனுக்குப் பட்டம் கட்டினார்கள்.

இந்த வழியை ஓர் அரசு ஏன் நாடுகிறது என்பதை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதலாவது, வேகம். வரி விதிக்க நாடாளுமன்றம் கூட வேண்டும். கடன் வாங்க ஆன்ட்வெர்ப் நகர வட்டிக்காரர்களிடம் நிற்க வேண்டும். மாற்றைக் குறைக்க, நாணயம் அடிக்கும் அக்கசாலைக்கு ஓர் ஆணை போதும். முன்பு ஒரு காசு அடித்த வெள்ளியில் ஏறக்குறைய மூன்று காசு அடிக்கலாம். இந்த ஏழெட்டு ஆண்டுகளில் மன்னராட்சிக்குக் கிடைத்த ஆதாயம் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. இரண்டாவது, ஏற்றுமதி. பவுண்டின் வெளிமதிப்பு சரிந்ததால் ஆங்கிலக் கம்பளித்துணி அயல்நாட்டில் மலிவானது. லண்டனிலிருந்து ஏற்றுமதியான துணிகள் 1550இல் 1,30,000ஐத் தாண்டின. மூன்றாவது, பழைய கடனைச் சுமந்தவனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. உலோகத் தட்டுப்பாட்டால் வணிகம் முடங்கும் நாட்டில், ஓரளவு கலப்பு சில்லறைப் பஞ்சத்தைத் தீர்க்கவும் செய்யும்.

ஆனால் இந்தப் பலன் ஒவ்வொன்றும் குறுகிய ஆயுள் உடையது. அதன் காரணத்தைத்தான் கிரெஷாம் விதி காட்டுகிறது. ஒரு வணிகரிடம் பழைய ஷில்லிங் ஒன்றும் புதிய ஷில்லிங் ஒன்றும் இருக்கின்றன. சட்டம் இரண்டையும் பன்னிரண்டு பென்னி என்கிறது. பொற்கொல்லனின் தராசும் ஆன்ட்வெர்ப் சந்தையும் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே அவர் புதியதைக் கடைத்தெருவில் தள்ளிவிடுகிறார்; பழையதை உருக்குகிறார், பதுக்குகிறார், கப்பலேற்றுகிறார். இதை வெறும் பேராசை என்று சொல்ல முடியாது. தெரிந்தே நட்டப்பட எவரும் விரும்பமாட்டார். ஆன்ட்வெர்ப்பில் அரச முகவராக இருந்த தாமஸ் கிரெஷாம், 1558இல் முடியேறிய எலிசபெத் அரசிக்கு எழுதிய மடலில் இதைத்தான் சொன்னார்: உங்கள் தந்தை ஹென்றி காசின் மாற்றைக் குறைத்ததால் நாணயமாற்று விகிதம் பாதியாக வீழ்ந்தது, நாட்டின் நல்ல பொன் முழுதும் வெளியேறியது.

நல்ல காசு மறைந்தபின் அரசின் ஆதாயமும் தேயத் தொடங்கியது. அக்கசாலைக்கு வரும் வெள்ளி குறைந்தது. வரியும் வாடகையும் கெட்ட காசாகவே திரும்பி வந்தன. நேற்று தான் கொடுத்ததையே இன்று கஜானா வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. விலைவாசி ஏறியது. விளைச்சல் பொய்த்ததற்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், நாணயத்தின் பங்கு பெரிது. 1551இல் அரசு ஷில்லிங்கின் மதிப்பை ஒன்பது பென்னியாகக் குறைக்கப்போவதாகச் சில மாதங்களுக்கு முன்பே அறிவித்தது. கையிலிருந்த காசைக் கெடுவுக்குள் தீர்த்துவிட எல்லாரும் முண்டியடித்ததால் விலைகள் மேலும் ஏறின. ஆகஸ்டில் அது ஆறு பென்னியாக்கப்பட்டது. பவுண்டு நிமிர்ந்ததும் துணி ஏற்றுமதி சரிந்து, 1552இல் 85,000 அளவுக்கு இறங்கியது.

இந்தக் கணக்கில் மிகப் பெரிய நட்டம் கூலிக்காரனுடையது. வணிகரிடம் தராசு உண்டு, உரைகல் உண்டு, அயலூர்த் தொடர்பு உண்டு. நல்ல காசைப் பிரித்தெடுத்து வைக்க அவருக்கு வசதியும் உண்டு. வாரக்கூலி வாங்குபவன் கையில் விழுந்த காசை அன்றே ரொட்டியாக மாற்ற வேண்டும். விலை ஓடும் வேகத்துக்குக் கூலி ஓடவில்லை. மாற்றைக் குறைப்பது ஒரு வரி. எவரும் வாக்களிக்காத, எந்த ஏட்டிலும் எழுதப்படாத வரி. அதன் சுமை தற்காத்துக்கொள்ளத் தெரியாதவன் மேல்தான் அதிகம் விழுகிறது.

இங்கே விதியின் குறையையும் சொல்ல வேண்டும். நிபந்தனையைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். இரு காசுகளையும் அவற்றின் மதிப்பு வேறுபாட்டுக்கு வட்டம் வைத்து மாற்றிக்கொள்ள மக்களுக்கு உரிமை இருந்தால் நல்ல காசு மறைவதில்லை. கூடுதல் மதிப்பில் புழங்கும். வெனிஸின் டுகாட் பொற்காசு நூற்றாண்டுக்கணக்கில் மாற்றுக் குறையாமல் இருந்ததால்தான் மத்தியதரைக் கடலிலிருந்து தென்னிந்தியத் துறைமுகங்கள் வரை செல்லுபடியானது. ஆணையின் பிடி முற்றிலும் நழுவினால் விதி தலைகீழாகவே நடக்கும். 2009இல் ஜிம்பாப்வேயில் மக்கள் தம் நாட்டு நோட்டை வாங்க மறுத்து அமெரிக்க டாலருக்கும் தென்னாப்பிரிக்க ராண்டுக்கும் மாறியபோது, நல்ல பணம்தான் கெட்ட பணத்தை விரட்டியது.

காசின் மாற்றைத் திரும்ப உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அரைகுறை உண்மையே. எலிசபெத் 1560-61இல் கெட்ட காசைத் திரும்பப் பெற்றுத் தரமான காசு வெளியிட்டது பெரிய சாதனை. ஆனாலும் ஆறு பென்னி ஷில்லிங்கை நாலரைப் பென்னியாகவும், படுமோசமானவற்றை இரண்டேகால் பென்னியாகவும் மதிப்பிறக்கிய பிறகே அரசு அவற்றை வாங்கியது. நட்டம் அந்த நேரத்தில் யார் கையில் காசு இருந்ததோ அவர்களுடையது. அரசுக்கோ அந்த மாற்றத்திலும் சிறிது ஆதாயம்.

இங்கிலாந்தின் 1696 நாணய மறுவார்ப்பு இன்னும் கடுமையான பாடம். ஓரம் வெட்டப்பட்டுப் பாதி எடைக்கு இளைத்திருந்த வெள்ளிக்காசுகளே அப்போது புழக்கத்தில் இருந்தன. 1660களிலிருந்து இயந்திரத்தில் அடித்த முழு எடைக் காசுகள் வெளிவந்ததும் காணாமற்போயின. காசின் மதிப்பை வெள்ளியின் சந்தை விலைக்கு ஏற்பத் திருத்தலாம் என்றார் கருவூலச் செயலர் வில்லியம் லௌண்ட்ஸ். பழைய தரத்தில் கடுகளவும் மாற்றக் கூடாது என்றார் தத்துவஞானி ஜான் லாக். லாக்கின் வாதம் வென்றது. ஐசக் நியூட்டன் அக்கசாலைப் பொறுப்புக்கு வந்தார். வெட்டுப்பட்ட காசை முகமதிப்பில் வரியாகக் கட்ட மே மாதம் வரை கெடு. கட்ட வரி உள்ளவர்கள் கட்டித் தப்பினார்கள். வரி கட்டும் அளவுக்கு வசதி இல்லாதவர்கள் கையில் செல்லாக்காசு தங்கியது. செலவை ஈடுகட்ட வீட்டுச் சன்னல்களுக்கு வரி வந்தது. இத்தனைக்குப் பிறகும், அக்கசாலை மதிப்பைவிட வெள்ளியின் சந்தை விலை கூடுதலாக இருந்ததால் புதிய முழு எடைக் காசும் உருக்கப்பட்டு, பெருமளவு இந்தியாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் கப்பலேறியது. 1717இல் கினி பொற்காசுக்கு 21 ஷில்லிங் என்று விகிதம் வைக்கப்பட்ட பின்னும் வெள்ளி திரும்பவில்லை. இங்கிலாந்து மெல்லப் பொன் நாணய நாடாகியது. நேர்மையான நோக்கத்தோடு வைத்த பொய்யான விலையும் நல்ல காசை வெளியேற்றும் என்பதற்கு இதுவே சான்று.

இந்தியாவிலும் நல்ல காசு இப்படி மறைந்திருக்கிறது. 1940இல் இரண்டாம் உலகப் போர் அச்சத்தால் மக்கள் வெள்ளி ரூபாயைப் பெட்டிக்குள் வைத்தார்கள். தேவைக்கு மேல் காசு சேர்ப்பது அந்த ஜூன் மாதம் குற்றமாக்கப்பட்டது. ஒரு ரூபாய் நோட்டு வந்தது. ரூபாயின் வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகியது. சிறைத் தண்டனையைக் காட்டியும் பழைய ரூபாயைச் சந்தைக்கு இழுக்க முடியவில்லை.

நெருக்கடியில் ஒரு நாடு நாணயத்தின் மதிப்பைக் குறைக்க நேரலாம். அதை எப்போதும் பாவம் என்று சொல்வது லாக்கின் பிடிவாதத்தில் போய் முடியும். லௌண்ட்ஸ் சொன்னதுபோல், நடந்துவிட்ட வீழ்ச்சியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கணக்கைத் திருத்துவது ஒரு வழி. ஹென்றி செய்ததுபோல், உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி பூசி, இரண்டும் ஒன்றே என்று ஆணையிடுவது வேறு வழி. முன்னது கசப்பான கொள்கை, பின்னது களவு. மாற்றைக் குறைத்தாலும் திரும்ப உயர்த்தினாலும், அந்தச் செலவை யார் தாங்குவது என்று அரசு முதலிலேயே தீர்மானித்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது கூலிக்காரன் தலையில்தான் விழும் என்பதற்கு 1551, 1560, 1696 ஆகிய மூன்று ஆண்டுகளுமே போதிய சாட்சி.